வெறுந்தொட்டி ஏறாத மலை

மலைக்கு மேல ஒரு மலை, அந்த மலைக்கு மேல ஒரு மேகம், அந்த மேகத்துக்குள்ள ஒரு பஸ் ஸ்டாண்டு, அந்த பஸ் ஸ்டாண்டுல படுத்திருக்கற நாய் எந்தப் பக்கம் வாலை நீட்டியிருக்குதோ அந்தப் பக்கம் நடந்தீங்கன்னா வர்றதுதான் எங்க செங்கரடு. கண்டக்டர் ஜெயவேலு விசிலை வாயிலருந்து எடுக்காமலே ஊர் பேரைக் கூவுற ஆளு, அதனால "ஃபெங்கரடு, ஃபடேசி ஸ்டாப்பிங், எறங்கு எறங்கு, இதுக்கு மேல போறவங்க றெக்க மொளச்சதும் போய்க்கலாம்"னுதான் காதுல வுழும். அந்தக் கூவலைக் கேட்டு எறங்கிட்டீங்கன்னா, அப்புறம் நீங்க வெறுங்கையோட திரும்பிப் போக முடியாது. ஏன் முடியாதுங்கறதுதான் எங்க ஊரு சரித்திரம்.

சரித்திரம்னா புஸ்தகத்துல போட்டது இல்லைங்க, வாயில வளத்தது. வேட்டைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை காட்டுப்பன்னிக்குப் பயந்து ஓடி, சறுக்கி வுழுந்து, பின்பக்கம் பூராவும் செவந்துபோயி எந்திரிச்சு, ஒட்டுன மண்ணைத் தொட்டு மோந்து பாத்து, "வெரி குட்டு"ன்னு சொன்னானாம். அந்த ஒத்த வெரி குட்டுல எங்க மலை மேல மொதக் கடப்பாரை வுழுந்துச்சு. துரை போனான், கம்பெனி வந்துச்சு, அரூர் பக்கமிருந்தும் ஆத்தூர் பக்கமிருந்தும் மண்ணு வெட்டுற கையிங்க வந்துச்சு, மலையிலயே பொறந்த கையிங்களும் கூட சேந்துச்சு, கையும் கையும் சேந்தா கூரை வேணுமேன்னு வரிசையா தகரம் போட்ட லயன் வீடு வந்துச்சு, வீடு வந்தா சண்டை வேணுமேன்னு தண்ணிக்கொழா வந்துச்சு, இப்படித்தான் ஊராச்சு.

ஆம்பளைங்க செங்கல்லு மாதிரி இருக்கற மண்ணை வெட்டுவாங்க, பொம்பளைங்க அதுல ஆகாத கல்லைப் பொறுக்கித் தள்ளிட்டு நல்லதைத் தொட்டியில கொட்டுவாங்க. தொட்டின்னா இரும்புத் தொட்டி, உள்ள ஒரு எருமை சொகமா படுக்கலாம். உச்சியிலருந்து அடிவாரம் வரைக்கும் தூணுக்குத் தூணு இழுத்துக் கட்டுன கம்பியில தொங்கிக்கிட்டு, ஒண்ணு பின்னால ஒண்ணா போகும், தூணைத் தாண்டுறப்ப ஒரு குலுக்கு குலுக்கும். கிர்ர்ர்ர்... டக். கிர்ர்ர்ர்... டக். எங்க புள்ளைங்களுக்குத் தாலாட்டே அதுதான். கிர்ருக்கு கண்ணு சொக்கும், டக்குக்கு மூடிரும். நெறஞ்ச தொட்டி ஒரு பக்கம் எறங்கும், காலித் தொட்டி மறுபக்கம் ஏறும், இப்படியே தலைமொறை தலைமொறையா மலை கீழ போயிக்கிட்டே இருந்துச்சு.

கீழ போயி அந்த மண்ணு என்னாவுதுன்னு யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை, ஏன்னா ஆளுக்கொரு பதில் எங்ககிட்டயே இருந்துச்சு. கோயில் மதிலுக்குக் காவி அடிக்கறாங்கன்னாங்க சில பேரு. ரயில் ரோட்டுக்கு அடியில போட்டு மெத்துறாங்கன்னாங்க சில பேரு. கடலை மூடுறாங்கன்னான் தீர்த்தகிரி. "கடலு பெருசு, அதான் இன்னும் முடியலை"ன்னு அதுக்கு வெளக்கம் வேற.

தீர்த்தகிரியப் பத்திச் சொல்லணும்னா எங்க ஊருச் சட்டத்தைச் சொல்லணும். பக்கத்து வீட்டுலருந்து ஒரு கிண்ணம் கொழம்பு வந்தா, அந்தக் கிண்ணம் காலியாத் திரும்பிப் போகப்படாது. ஒரு புடி சாமை, ரெண்டு கமலாப்பழம், ஒண்ணுமே இல்லைன்னா நாலு மொளகாவது உள்ள உருளணும். மத்த ஊருல இது வழக்கம், எங்க ஊருல இது சட்டம். தீர்த்தகிரியோட தாத்தா ஒரு தடவை மேல் லயன்ல வாங்குன மோர்ச் சொம்பைக் காலியாத் திருப்பிக் கொடுத்துட்டாரு. வழியில கரடி தொரத்துச்சுன்னு பஞ்சாயத்துல சொல்லிப் பாத்தாரு. "கரடி தொரத்துனா என்ன? ஓடுற ஓட்டத்துல ஒரு எலந்தப்பழத்தப் பறிச்சுப் போட முடியாதா?"ன்னு பஞ்சாயத்து கேட்டுச்சு. அன்னையிலருந்து அது வெறுஞ்சொம்பு வீடு. தாத்தா போயிட்டாரு, கரடியும் போயிருச்சு, பேரு போகலை. பஸ் ஸ்டாண்டுக்கு முந்துன ஸ்டாப்பிங்குக்கே அந்தப் பேருதான், ஜெயவேலு தெனமும் "ஃபெறுஞ்சொம்பு எறங்கு"ன்னு கூவுறப்பல்லாம் தீர்த்தகிரி தலையில துண்டைப் போட்டுக்குவான்.

இப்படிப்பட்ட ஊருக்கு தெனமும் நூத்துக்கணக்குல காலித் தொட்டி ஏறி வந்தா மனசு எப்படி இருக்கும்? கல்லு பொறுக்குற பொம்பளைங்களுக்கு மேஸ்திரி பாவாயி. அது குசுகுசுன்னு பேசுனா கீழ் லயன்ல கொழந்தை முழிச்சுக்கும், அப்பேர்ப்பட்ட தொண்டை. தெனமும் காலையில மொதத் தொட்டி வந்து நின்னதும் பாவாயி எட்டிப் பாக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது, உடனே கையை இடுப்புல வச்சுக்கும்.

"பாருங்கடி, இன்னைக்கும் வெறுந்தொட்டி. நாம மலையையே கொட்டிக் கொடுக்கறோம், ஒரு வெத்தலை பாக்கு வச்சு அனுப்பத் தோணுதா கீழ்நாட்டானுக்கு? வளத்த வளப்பு அப்படி."

பாவாயி புருசன் வெள்ளையன்தான் கம்பியை இழுக்கற விஞ்சு ரூம்புல பிரேக்குப் புடிக்கறவரு. பொண்டாட்டி ஊருக்கே பேசிட்டதால அவருக்குப் பேச ஒண்ணும் மிச்சமில்லை, "ம்" மட்டும்தான். சரிங்கற ம், சந்தேகத்து ம், சண்டைக்கு வராதங்கற ம். வெறுந்தொட்டிப் பேச்சுக்கு அவரு சொல்றது சந்தேகத்து ம்.

அப்புறம் ஒரு நாளு மலை தீந்துபோச்சு.

மலைன்னா மலை இல்லை, கம்பெனிக்கு வேணுங்கற மலை. கம்பெனியிலருந்து சம்பந்தம் சார் ஜீப்புல வந்து எறங்குனாரு. ஒல்லியான மனுசன், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால தொண்டையைக் கனைச்சு வழி வுட்டுத்தான் வார்த்தையை அனுப்புவாரு.

"க்ஹும். மேலிடத்து உத்தரவு. இங்க சரக்கு முடிஞ்சுருச்சு. வர்ற ஆடி கழிஞ்சதும் லயன் வீடெல்லாம் காலி பண்ணிடணும். க்ஹும். எல்லாத்தையும் இடிச்சுட்டு காட்டுக்கே வுட்டுறப் போறோம்."

"மேலிடம் எங்க சார் இருக்குது?"ன்னு கேட்டுச்சு பாவாயி.

"மெட்ராஸ்லம்மா."

"மெட்ராஸ் கடலோரம். நாங்க குந்தியிருக்கறது மேகத்துல. இதுல யாரு சார் மேலிடம்?"

ஊரே சிரிச்சுச்சு, சம்பந்தம் சாரும் சிரிச்சுட்டு அப்புறம் சிரிக்கக் கூடாதுன்னு கனைச்சுக்கிட்டாரு. ஆனா சிரிச்சு முடிச்சதும்தான் அவரு சொன்னது காதுல ஏறுச்சு. பாட்டன் பூட்டன் பொதைஞ்ச மண்ணு, புள்ளை பொறந்த லயனு, இதை வுட்டுட்டு எங்க போறது? போற எடத்துல எங்களை யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லிக்கறது? என்னத்தை வெட்டுனோம்னே தெரியாத மண்ணு வெட்டிங்கன்னா?

பாவாயி மட்டும் வுடலை. "சார், எங்க தொட்டி இத்தனை காலமா வெறுமனேதான் திரும்பி வந்துருக்கு. அந்தக் கொறையோட நாங்க இந்த மலைய வுட்டு எறங்க மாட்டோம். ஒரே ஒரு தடவை நெறஞ்சு வரட்டும், மறுபேச்சு பேசாம மூட்டையக் கட்டறோம்."

"க்ஹும். நெறஞ்சு வந்தா போயிடுவீங்க இல்ல?"

"செங்கரட்டுக்காரி வாக்கு."

வெள்ளையன் சண்டைக்கு வராதங்கற ம் ஒண்ணை பொண்டாட்டியப் பாத்து சொன்னாரு, ஆனா வாக்கு வெளிய போயிருச்சு. கம்பெனி மோட்டாரைக் கழட்டி லாரியில ஏத்திக்கிட்டுப் போச்சு, கரண்டு ஒயரையும் சுருட்டிக்கிச்சு. வெள்ளையன் மட்டும் தெனமும் சோத்தைக் கட்டிக்கிட்டு விஞ்சு ரூம்புக்குப் போயி, நின்னுபோன கம்பிக்கு முன்னால பிரேக்குக் கட்டையைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்டு, பொழுது சாய வீட்டுக்கு வருவாரு.

மார்கழி மாசத்துல ஒரு காலையில, கோலத்துக்கு நடுவுல பூசணிப்பூ வைக்கற நேரத்துல, கிர்ர்ர்ர்... டக்.

கையில பூவோட பொம்பளைங்க நிமுந்தாங்க. கிர்ர்ர்ர்... டக். மோட்டாரு இல்லை, கரண்டு இல்லை, இந்தப் பக்கம் கீழ எறங்க ஒரு புடி மண்ணு இல்லை. மேகத்துக்குள்ளருந்து தொட்டி பாட்டுக்கு ஏறி வருது. வெள்ளையன் பதமாப் பிரேக்கைப் புடிச்சு நிறுத்தி, தொட்டியைத் தட்டிப் பாத்து, கல்யாணத்துக்கு அப்புறம் மொத தடவையா ம் இல்லாத ஒரு வார்த்தை சொன்னாரு.

"லோடு."

பாவாயி எட்டிப் பாத்துச்சு. தொட்டி நெறைய அலுமினியப் பாத்திரம். கரி புடிச்ச சோத்துக்குண்டான், காது போன வாளி, நெளிஞ்ச தட்டு, மூடி இல்லாத டிபன் பாக்ஸு, எல்லாத்துலயும் புள்ளி புள்ளியா வெட்டுன பேரு.

"இப்பத்தான் புத்தி வந்துருக்கு"ன்னுச்சு பாவாயி. "ஆனாலும் பாரு, ஒரு எவர்சில்வரா அனுப்பியிருக்கக் கூடாதா?"

ஏன்னா எங்க ஊருல அலுமினியம்னா கேவலம். சீருக்கு எவர்சில்வர்தான், ஒருத்தனைச் சபிக்கணும்னா "அலுமினியத் தட்டு ஏந்திருவ"ம்பாங்க. அப்படிப்பட்ட ஊருக்கு அன்னையிலருந்து தொட்டி தொட்டியா அலுமினியமா வந்து எறங்குச்சு. அதுவும் நல்லா இருக்கற வீட்டு அடுப்புலருந்து புடுங்கிட்டு வரலை. கெணத்துல வுழுந்தது, ஆத்துல போனது, கல்யாண வீட்டுல காணாமப் போனது, ஓட்டையாயி பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டது, ஒலகத்துல யாருக்கும் வேணாம்னு ஆனதெல்லாம் வரிசையில நின்னு ஏறி வந்த மாதிரி வந்துச்சு. இட்லிக்குண்டான் வந்துச்சு, சைக்கிள் ரிம்மு வந்துச்சு, டிவி ஆண்டெனா வந்துச்சு, சினிமா ரீலுப் பொட்டி வந்துச்சு, பஸ்ஸோட சைடுத் தகடு வந்துச்சு, ஒரு நாளு வெள்ளையன் ரொம்ப நேரம் பிரேக்கைப் புடிச்சு நிறுத்தி, வளைஞ்சு வளைஞ்சு எறக்குனது ஒரு பிளேன் றெக்கை. அதை பஸ் ஸ்டாண்டுல கூரையா போட்டோம். றெக்க மொளச்சாச்சு, இப்ப என்ன சொல்றீங்கன்னு ஜெயவேலுவைக் கேட்டோம். அன்னைக்கு ஒரு நாளுதான் அவரு வாயிலருந்து விசிலு தானா கீழ வுழுந்துச்சு.

பழகிருச்சுங்க. எதுவும் ஒரு வாரம் வந்தா பழகிரும். மண்ணு வெட்டுன பள்ளம் பூரா பாத்திரம் அடுக்குனோம், பள்ளம் மேடாச்சு, மேடு மலையாச்சு. கோழிங்க இட்லிக்குண்டான்ல குழிக்கு ஒண்ணா முட்டை வச்சுச்சு. கரடி வந்து குண்டான்ல மூஞ்சி பாத்துட்டு வெக்கப்பட்டுப் போச்சு. மழை பேஞ்சா அவ்வளவு அலுமினியத்துலயும் ஒரே நேரத்துல தாளம் போடும், யாரு பேசுனாலும் காதுல வுழாது, பாவாயி பேசுனாலே வுழாது, அதனால மழைக்காலத்துல ஊரே கையாலதான் பேசும். அப்படிக் கையாலயே பொண்ணு பாத்துக் கையாலயே நிச்சயம் பண்ண கல்யாணம் ஒண்ணு உண்டு. அந்தப் பொண்ணு சம்மதம்னு கையை ஆட்டுனாளா, கொசு வெரட்டுனாளான்னு மாப்பிள்ளைக்கு இன்னைக்கும் சந்தேகம்.

மழை வுட்டு வெயிலு அடிச்சா, பாத்திர மலை பளபளன்னு மின்னும். அடிவாரத்து ஊருங்கள்லருந்து பாத்தவங்க, மலை மேல நெலா கழண்டு கெடக்குன்னு சொல்லிக்கிட்டாங்களாம். அதைப் பாக்க வந்த கூட்டத்துல ஒரு அம்மா, சந்தைக்கு வந்தவங்க மாதிரி சாதாரணமா மேட்டைச் சுத்தி வந்தவங்க, திடீர்னு ஒரு சோத்துக்குண்டானைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க.

"இது என்னுதுங்க! பெ. நாகரத்தினம், பாருங்க, எங்க அத்தை வெட்டுனது. ஏரி ஒடைஞ்ச வருசம் வெள்ளத்துல போனதுங்க இது!"

பேரு அவங்க பேருதான். அப்ப பாத்திரம் அவங்க பாத்திரம். நாங்க எல்லாரும் பாவாயியப் பாத்தோம். பாவாயி குண்டானைப் பாத்துச்சு, நாகரத்தினத்தைப் பாத்துச்சு, நேரா வீட்டுக்குள்ள போயி ஒரு படி சாமையைக் கொண்டாந்து கொட்டுச்சு.

"ஐயோ, எனக்கு எதுக்குக்கா?"

"ஒனக்கு யாரு கொடுத்தா? பாத்திரத்துக்குக் கொடுக்கறேன். வெறுமனே போனா எங்க ஊரு மானம் என்னாவுறது?"

நாகரத்தினம் குண்டானை இடுப்புல வச்சுக்கிட்டு பஸ் ஏறுனாங்க. மறுவாரமே திரும்பி வந்தாங்க, அதே குண்டான், உள்ள முறுக்கு. "சாமையை வாங்கித் தின்னுட்டு சும்மா இருந்தா நல்லாவாக்கா இருக்கும்?" பாவாயி முறுக்கை எடுத்துக்கிட்டு குண்டான்ல பலாச்சுளையைப் போட்டுச்சு. பலாச்சுளைக்கு பதில் நெல்லு வந்துச்சு, நெல்லுக்கு பதில் மொளகு போச்சு, மொளகுக்கு பதில் கருவாடு வந்துச்சு. ஒரு குண்டானுக்கே இப்படின்னா, பேரு வெட்டுன பாத்திரம் அத்தனைக்கும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா ஏற ஆரம்பிச்சா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. பஸ்ஸுக்கு எக்ஸ்ட்ரா டிரிப்பு வுட்டாங்க. அப்பயும் பத்தலைன்னு சாமானைத் தொட்டியில வச்சுக் கீழ அனுப்புனோம், வெள்ளையன் பிரேக்கைத் தளத்துனா போதும், தானா எறங்குச்சு, தானா ஏறுச்சு, நெறஞ்சு போயி நெறஞ்சு வந்துச்சு. மண்ணு வெட்டுன காலத்துல பாதி வயிறு. இப்ப ஒவ்வொரு வீட்டு அடுப்புலயும் பத்து ஊரு ருசி.

ஆடி கழிஞ்சுது. ஜீப்பு வந்துச்சு.

"க்ஹும். பாவாயிம்மா, தொட்டி நெறஞ்சு வந்தாச்சு போல? வாக்கு கொடுத்தீங்க. எப்ப மூட்டைய கட்டறீங்க?"

வாக்கு வாக்குதான். பாவாயி முந்தானையை ஒதறி இழுத்துச் சொருகுச்சு.

"கட்டறோம் சார். யாரு இல்லைன்னா? ஆனா வந்த பாத்திரத்தை வெறுமனே வச்சுட்டு ஓடுனா அது குடும்பமா? எல்லாத்தையும் நெரப்பி அனுப்பிட்டுக் கெளம்பறோம். நீங்களே பாருங்க, ஒரு வீட்டுக்கு அனுப்பி முடிச்சா அவங்க நெரப்பித் திருப்பி அனுப்பிடறாங்க. எங்க மேல தப்பு இருக்கா?"

சம்பந்தம் சாரு பாத்திர மலையப் பாத்தாரு. கனைக்கக்கூட மறந்துட்டாரு.

"இது எல்லாம் எங்கிருந்து வந்துதுன்னு ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"கீழருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி என்ன சார்? கடையிலருந்து."

"அதுக்கும் முன்னாடி இங்கருந்தும்மா. நீங்க வெட்டி அனுப்புன அந்தச் செம்மண்ணு இருக்கே, அதைக் காய்ச்சி, கரைச்சு, கரண்டு பாய்ச்சி எடுக்கறதுதான் அலுமினியம். இது அத்தனையும் ஒங்க மலை. க்ஹும். இதை யாரும் ஒங்களுக்குச் சொல்லலையா?"

யாரும் சொல்லலைங்க. செவப்பு எப்படி வெளுப்பாச்சுன்னு ஆளாளுக்கு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டோம். பாவாயி மெதுவா நடந்துபோயி மேட்டுலருந்து ஒரு தட்டை எடுத்துச்சு. பள்ளிக்கூடத்து மதியச் சோத்துத் தட்டு. அந்த மாதிரி ஆயிரக்கணக்குல கெடந்துச்சு, ஓரமெல்லாம் நசுங்கி, சோறு வர்ற வரைக்கும் புள்ளைங்க தரையில தட்டித் தட்டி நசுக்குன ஓரம். நாட்டுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வருசம், எத்தனை வயிறு. பாவாயி அந்தத் தட்டைத் தடவிப் பாத்து, ஊரே நடுங்குற அந்தத் தொண்டையில சின்னதா கேட்டுச்சு.

"அப்ப இத்தனை புள்ளைங்களும் சோறு தின்னது எங்க கையிலயா?"

நாங்க மண்ணு வெட்டுனோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். சோத்துக்குண்டான் வெட்டியிருக்கோம், பாலு வாளி வெட்டியிருக்கோம், கொழந்தைக்கு மருந்து ஊத்துற ஸ்பூனு வெட்டியிருக்கோம், வானத்துல பறக்கறதுக்கு றெக்கை வெட்டியிருக்கோம். அன்னைக்கு சாயங்காலம் செங்கரட்டுல எவர்சில்வர் பாத்திரம் பூராவும் பரண்ல ஏறுச்சு. "அலுமினியத் தட்டு ஏந்திருவ"ங்கறது அன்னையிலருந்து எங்க ஊருல வாழ்த்து. கடலை மூடலை போலங்கற வருத்தம் தீர்த்தகிரிக்கு மட்டும் கொஞ்சம் இருந்துச்சு.

அதுக்கு முன்னாடி, சாரு மேட்டுகிட்ட நிக்கறப்பவே வெள்ளையன் மேட்டோரமா எதையோ எடுத்து சம்பந்தம் சார் முன்னால நீட்டுனாரு. சின்ன டிபன் பாக்ஸு, மூடியில புள்ளி எழுத்து: கு. சம்பந்தம், நாலாம் வகுப்பு.

சாரு முகத்துலருந்து ஆபீசர் எறங்கிப் போயிட்டாரு, நாலாம் வகுப்பு மட்டும் நின்னுச்சு. "இதை நான் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன்மா"ன்னாரு. "வண்டிக்காரன் ஒரு பொட்டலம் கொடுத்தான். தின்னுட்டு வீட்டுக்குப் போனா எங்கம்மா வெளக்குமாத்தால..."

"பின்ன, வெளக்குமாத்தை வச்சுக்கிட்டுக் கொஞ்சுவாங்களா?"ன்னு பாவாயி பாக்ஸை வாங்கி, தேனு புழிஞ்ச தினைமாவை அமுக்கி அமுக்கி வச்சு மூடிக் கொடுத்துச்சு. சாரு எதுக்கு வந்தோங்கறதை மறந்துட்டு ஜீப்புல ஏறிட்டாரு.

சாரோட அம்மா சேலத்துல இருக்கற தெய்வம். நாங்க பாத்ததில்லை, ஆனா போன்ல சத்தம் கேட்டுருக்கோம்: "டேய் சம்பந்தா! அந்தம்மா பாக்ஸைக் காலியாவாடா கொண்டு போற? ஒன்னைப் பெத்ததுக்கு நான் ஒரு அம்மியப் பெத்துருக்கலாம்!" அதனால மறுதடவை காலி பண்ணச் சொல்ல வந்தப்ப பாக்ஸ்ல பேரீச்சம்பழம் வந்துச்சு. அதுக்கு மறுதடவை எச்சரிக்கை பண்ண வந்தப்ப அதிரசம் வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் அவரு உத்தரவை எடுக்கறதுக்குள்ள பாவாயி பாக்ஸை நெரப்பிக் கையில கொடுத்துரும், பாக்ஸைத் திருப்பாம கடுசாப் பேச அவருக்கு வாயி வராது.

ஆனா மெட்ராஸ் மேலிடத்துக்கு டிபன் பாக்ஸு இல்லையே. ஒரு நாளு சாரு வந்தாரு, கனைப்பே இல்லாம. நேரா விஞ்சு ரூம்புக்குப் போனாரு, கதவைச் சாத்துனாரு, பெரிய பூட்டாப் போட்டுப் பூட்டுனாரு. பின்னாலயே ஊரு வந்து நின்னுச்சு, கண்டக்டர் ஜெயவேலுவும்தான்.

"நாளைக்கு கேஸ் கட்டர் வெச்சுக் கம்பியை அறுக்க ஆளு வருதும்மா. கம்பி போனா தொட்டி வராது, தொட்டி வரலைன்னா நீங்க நெரப்பவும் ஒண்ணும் இருக்காது. ஒங்க வாக்குப்படி கெளம்பித்தான் ஆகணும். என் கையில ஒண்ணும் இல்லை."

வெள்ளையன் பூட்டைப் பாத்தாரு. எந்த ம்மும் வரலை. தர்க்கம் தீந்துபோச்சு, வாக்கு மட்டும் மிச்சம். செங்கரட்டோட சரித்திரம் அங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா சம்பந்தம் சாரு நல்ல வளப்பு. ஜீப்புல ஏறப் போனவரு, பழக்கத்துல சீட்டுலருந்து டிபன் பாக்ஸை எடுத்து பாவாயி கையில நீட்டிட்டாரு.

பாவாயி வாங்குச்சு. கனமே இல்லை. லேசா ஆட்டிப் பாத்துச்சு.

சத்தம் இல்லை.

சாரு முகம் வெளுத்துருச்சு. மெட்ராஸ்லருந்து நேரா வந்துட்டாரு, வீட்டுக்குப் போகலை, அம்மா பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க, பாக்ஸு கழுவுனது கழுவுன மாதிரியே ஜீப்புல கெடந்துருக்கு. ஊரு பாக்குது. அப்பத்தான் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு ஓடியாந்தான் தீர்த்தகிரி, கண்ணெல்லாம் தண்ணி.

"வாங்க சார், வாங்க! எங்க தாத்தா காலத்துலருந்து நாங்க ஒத்தையில சொமக்கறோம். கரடியாவது தொரத்துச்சா சார்? கரடிகூட இல்லையா? ரொம்ப சந்தோசம் சார். ஜெயவேலு அண்ணே, நாளையிலருந்து ஸ்டாப்பிங் பேரு வெறும்பாக்ஸு!"

"இருப்பா, இருப்பா"ன்னு சாரு சட்டைப் பையைத் தடவுனாரு. பேனா இல்லை. பேண்ட்டுப் பையில கைக்குட்டை, அதுவும் அழுக்கு. இன்னொரு பையில உத்தரவுக் காகிதம். அதை எடுத்து ஒரு நிமிசம் பாத்தாரு.

"இதை வைக்கலாமாம்மா?"

"திங்க முடியாததைக்கூட வைக்கலாம் சார்"னுச்சு பாவாயி, பாக்ஸைத் தொறந்து புடிச்சுக்கிட்டு, அதட்டாம, கெஞ்சாம. "வாங்குறவங்களுக்கு ஆகாததை வைக்கப்படாது."

சாரு கடைசிப் பையில கையை வுட்டாரு. கையி உள்ளயே நின்னுச்சு. மேகம் ஒண்ணு வந்து எங்க எல்லாரையும் கடந்து போச்சு. அவரு கையை வெளிய எடுத்து, யாரையும் பாக்காம, உள்ள இருந்ததை பாக்ஸ்ல போட்டாரு.

டங்.

விஞ்சு ரூம்பு சாவி.

தீர்த்தகிரி அப்படியே தரையில குந்திட்டான். பாவாயி சாவியப் பாத்துட்டு, பதமா மூடியைப் போட்டுச்சு. "உப்பு காரம் எல்லாம் சரியா இருக்குது தம்பி"ன்னுச்சு. சாரு போயி தம்பி ஆயிட்டாரு, கவனிச்சீங்களா?

"நான் ஆபீஸ்ல என்னன்னுக்கா சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு. பாக்ஸு செங்கரட்டுல இருக்கு, இன்னும் திரும்பி வரலைன்னு சொல்லு. கொடுத்த பாத்திரம் திரும்பறதுக்கு முன்னாடி எந்தத் தாய் பெத்த புள்ளை உறவை அறுத்துக்கும்? கட்டரும் கிட்டரும் அப்புறம்தான்."

அந்த நியாயம் எப்படியோ மெட்ராஸ் வரைக்கும் போயி, அங்க இருந்த ஒவ்வொரு மேஜைக்கும் பின்னால ஒரு அம்மா வளத்த புள்ளைதானே ஒக்காந்திருக்கும், ஒருத்தரும் மறுக்க முடியாம அந்த ஃபைலு அப்படியே படுத்துக்கிச்சு. கட்டர் வரலை. விஞ்சு ரூம்பு தொறந்துச்சு, வெள்ளையன் பிரேக்கைப் புடிச்சாரு, சரிங்கற ம் ஒண்ணை ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரு. கிர்ர்ர்ர்... டக்.

பாக்ஸை இன்னும் திருப்பிக் கொடுக்கலைங்க. வாங்குன பாத்திரத்தை மறுவாரமே திருப்புற பாவாயி, இந்த ஒண்ணை மட்டும் அடுப்புக்கு மேல மாடத்துல வச்சு, தெனமும் தொடைச்சு பளபளன்னு வச்சிருக்கு. வருசா வருசம் தம்பி வந்து, அம்மா கேட்டாங்கன்னு சொல்லி, "அக்கா, பாக்ஸு?"ம்பாரு. "சாவிக்குத் தகுந்த சரக்கு இன்னும் கெடைக்கலை தம்பி. கெடைச்சதும் நெரப்பித் தர்றேன். செங்கரட்டுக்காரி வாக்கு"ன்னு பாவாயி ஒரு வேற குண்டான்ல பலாச்சுளையைக் கொட்டி அனுப்பும். அந்தக் குண்டானைத் திருப்ப அவரு வந்துதானே ஆகணும்?

ஒங்க வீட்டுலயும் பாத்திரம் எதாவது காணாமப் போயிருக்கும். யோசிச்சுப் பாருங்க, ஆத்துல போனது, பேரீச்சம்பழத்துக்குப் போனது. வெறுஞ்சொம்பு வீட்டு ஸ்டாப்பிங்ல எறங்குங்க, பேரு மாறலை, தீர்த்தகிரி ஒங்களை ஆசையா ஒரு பார்வை பாப்பான், கண்டுக்காதீங்க. நேரா மேட்டுக்கு வந்து பேரைச் சொல்லித் தேடி எடுத்துக்கங்க. வர்றப்ப வெறுங்கையோட வரலாம், தப்பில்லை. போறப்ப வுட மாட்டோம்.